பால் மரமா, பேலட்டா, பிளைவுட்டா, மெரந்தியா? வீட்டுக்கு முதல் தட்டு அடிக்கப் போகிறவர்களுக்கு

“பால் மரத்துலயா சாமி மாடம்? அது வெறகுடா!”

அம்மா சொன்னதில் தப்பில்லை. பால் மரம் என்று நாங்கள் சொல்வது ரப்பர் மரத்தை; அம்மா சுங்கை பட்டாணிப் பக்க ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோது, பால் வற்றிய கிழட்டு மரங்களைச் சாய்த்தால் அவை போய்ச் சேருமிடம் அடுப்புதான். அதே மரத்தைக் காசு கொடுத்து வாங்கி, தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் முருகனை உட்கார வைக்கப் போகிறேன் என்றால் அவருக்கு எப்படி ஏறும்?

நாங்கள் இருப்பது பினாங்கில், குளுகோரில் ஓர் அடுக்குமாடி வீட்டில். இரண்டு வருடமாக லீவு நாட்களில் மரவேலை செய்து பழகுகிறேன். தச்சன் இல்லை, தச்சனிடம் தொழில் பழகியதும் இல்லை. இதுவரை முடித்தவை ஒரு புத்தகத் தட்டு, வாசலில் ஒரு செருப்பு அடுக்கு, பால்கனியில் ஒரு பூத்தொட்டி ஸ்டாண்டு, கடைசியாக இந்தச் சாமி மாடம். நான்கிலும் வேறு வேறு மரம் எடுத்தேன். திட்டம் போட்டு அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றிலும் பட்ட பாட்டால் அடுத்ததற்கு மரத்தை மாற்றினேன். புதிதாகத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது எந்த ட்ரில் வாங்கலாம், எந்த வாள் வாங்கலாம் என்றுதான். முதலில் கேட்க வேண்டியது எந்தப் பலகை என்பது. பலகையை முடிவு செய்துவிட்டால் கருவிகளில் பாதி தானாக முடிவாகிவிடும்.

அதற்கு முன் ஒரு கேள்வியை முடித்துவிடுவோம். பெட்டியில் அடைத்து விற்கும் அலமாரியை வாங்கிப் பூட்டினால் போதாதா? நானும் கல்யாணமான புதிதில் ஒன்று வாங்கினேன். மரச் சீவலையும் தூளையும் பசையில் குழைத்து அழுத்திய பலகை. மேலே மர ரேகை அச்சடித்த தாள். ஜன்னல் ஓரம் நின்ற அதன் அடித்தட்டு முதல் மழைக்காலத்திலேயே டீயில் நனைத்த ரொட்டிபோல ஊதிவிட்டது. இந்தப் பலகை ஒருமுறை ஊதினால் காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஸ்க்ரூ ஒருமுறை பிய்த்துக்கொண்டால் அதே துளையில் மறுபடி பிடிக்கவும் பிடிக்காது. ஏர்கான் அறையில், தரை ஈரம் படாமல், கனமில்லாத சாமான் வைப்பதற்கு அது போதும். வருடம் முழுக்கக் காற்றில் ஈரம் நிற்கும் நம் ஊரில், ஜன்னலைத் திறந்து வைத்து வாழும் வீட்டுக்கு அது சரிப்படாது. ஆகவே அதை இந்தப் போட்டியிலிருந்தே எடுத்துவிட்டேன்.

மீதி நான்கு. மலிவாகத் தெரிவதிலிருந்து தொடங்குகிறேன்.

பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிகப் பகுதி 1972-இல் வந்தது. அன்றிலிருந்து பினாங்கில் பேலட்டுக்குப் பஞ்சமே இல்லை. சாமான்கள் வந்து இறங்கும், அடியிலிருந்த கட்டைச் சட்டம் மூலையில் குவியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை, புக்கிட் மின்யாக் தொழிற்பேட்டைகளைச் சுற்றியும் இதே கதைதான். தொழிற்சாலையில் வேலை செய்யும் மச்சான் ஒருநாள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு இரண்டு பேலட்டை வேனில் போட்டுக் கொண்டுவந்தார். “சும்மா கிடைச்சது, வச்சுக்க” என்றார்.

சும்மா கிடைத்ததைப் பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பேலட் ஆணி சாதாரண ஆணி இல்லை. தண்டு முழுக்க வரிவரியாக வளையம் வெட்டியிருக்கும், உள்ளே போனால் வெளியே வராது. கடப்பாரையால் நெம்பினால் ஆணி அசையாது, பலகை பிளக்கும். கடைசியில் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரும்பு அறுக்கும் பிளேடை விட்டு ஆணியையே அறுத்தேன். அதற்குள் மேலே இருந்த ஏழு பலகையில் மூன்று போய்விட்டன. கீழ்வீட்டுப் பாட்டி மேலே ஏறி வந்து, “என்ன தம்பி, வீட்டை இடிக்கிறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பேலட் எடுத்தால் முதலில் முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் மரப் பொதிகளுக்கென்று ஓர் உலக விதி இருக்கிறது; அதன்படி பூச்சியைக் கொன்ற மரத்தில் தானியக் கதிர் போன்ற சின்னமும், நாட்டின் இரண்டெழுத்துக் குறியும், சிகிச்சைக் குறியும் பதித்திருப்பார்கள். எச்டி (HT) என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருந்திருக்கிறது என்று பொருள். எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைட் என்ற நச்சுவாயு அடித்தது. வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். முத்திரையே இல்லை என்றாலும், முத்திரை இருந்து எண்ணெய் வாடையோ ரசாயனக் கறையோ தெரிந்தாலும், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது எதைச் சுமந்து வந்தது என்று நமக்குத் தெரியாது.

மிஞ்சிய பலகையில் பால்கனி ஸ்டாண்டு செய்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஒரே ஸ்டாண்டில் நான்கு வகை மரம்! ஒன்று முடிச்சு முடிச்சாக வெளுத்த பைன், ஒன்று சிவந்த உள்ளூர் மரம், மற்ற இரண்டும் என்னவென்று இன்றுவரை தெரியாது. கனமும் தடிப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. கை பழக, தப்பு செய்து கற்றுக்கொள்ள, பூத்தொட்டி வைக்க பேலட் நல்லது. அதில் புத்தகத் தட்டு செய்கிறேன், சாமி மாடம் செய்கிறேன் என்று இறங்குபவர்கள் அழகான படத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள். அந்தப் படத்தில் இருப்பது இழைத்துத் தடிப்பை ஒன்றாக்கும் இயந்திரம் உள்ள பட்டறையில் செய்தது.

இனி அம்மாவின் விறகு.

பால் மரம் 25, 30 வருடம் பால் கொடுக்கும். பிறகு தோட்டத்தில் அதைச் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று நடுவார்கள். அந்த மரம் ஏன் அடுப்புக்கு மட்டுமே போனது? அதன் உடம்பில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிச் சில நாள் போட்டுவைத்தால் பூஞ்சை பிடித்து நீலமாகிவிடும், வண்டு துளைத்து மாவாகத் தள்ளிவிடும். உளுத்த மரத்தில் யார் மேசை செய்வார்கள்? வெட்டிய சூட்டோடு அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளை அறையில் உலர்த்தும் முறை பரவிய பிறகுதான், 1980-களிலிருந்து, விறகு நாற்காலியானது. இன்று ஜொகூர் மூவாரில் செய்து கப்பலேறும் தளவாடங்களில் பெரும்பகுதி இந்த மரம்தான். தாத்தா பாட்டி தலைமுறை பட்டை சீவிய மரம் மேசையாகி ஐரோப்பா போகிறது, அவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் சீவல் பலகை அலமாரி வாங்குகிறோம். சரி, அதை விடுங்கள்.

ஹார்ட்வேர் கடையில் நமக்குக் கிடைப்பது ஃபிங்கர் ஜாயின்ட் பலகை. பால் மரம் நெட்டையாக, நேராகக் கிடைப்பது அரிது. அதனால் சிறு சிறு துண்டுகளின் முனையைப் பல் பல்லாக வெட்டி, இரு கை விரல்களைக் கோப்பதுபோல் கோத்து ஒட்டி, அந்தப் பட்டைகளைப் பக்கவாட்டில் சேர்த்துப் பலகையாக்குகிறார்கள். மேலே பார்த்தால் அங்கங்கே வளைந்து நெளிந்த தையல் கோடு தெரியும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு, எங்கே செய்தது என்று பலகையே சொல்வதுபோல் இருக்கும். அந்த ஒட்டில் உடையுமோ என்ற பயம் வேண்டாம். முறையாக ஒட்டிய இடம் தட்டு வேலைக்கு வேண்டிய பலத்தைத் தாராளமாகத் தாங்கும். சிறு துண்டுகளைச் சேர்த்ததில் ஒரு லாபமும் உண்டு. ஒரே மரத்து அகலப் பலகைபோல் இது ஒரு பக்கமாக வளைந்து கிண்ணமாகாது.

புதிதாகத் தொடங்குபவருக்கு இதுதான் என் முதல் தேர்வு. பலகை நான்கு பக்கமும் சீவி, தேய்த்து, நேராக வருகிறது. ஓர் அடி அகலத்திலேயே கிடைப்பதால் நீளத்தில் மட்டும் அறுத்தால் போதும், கைவாளாலேயே அறுக்கலாம். வெளிறிய சந்தன நிறம், நெருக்கமான ரேகை, உப்புத்தாள் போட்டால் குழந்தைக் கன்னம்போல் ஆகிவிடும். ஸ்க்ரூ போடும்போதுதான் கவனம் வேண்டும். மரம் உறுதியானது, துளை போடாமல் ஸ்க்ரூவை நேராக ஏற்றினால், முனைப் பக்கத்தில் பிளக்கும், அல்லது ஸ்க்ரூ தலை முறிந்து கையில் வரும். 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு முதலில் சுமார் 3 மில்லிமீட்டரில் துளை போடுங்கள், ஸ்க்ரூ மரையில் கொஞ்சம் மெழுகு தடவுங்கள். வீட்டில் கிடக்கும் மெழுகுவர்த்தித் துண்டு போதும்.

இதன் பலவீனம் தண்ணீர். உள்ளே ஏற்றிய போரான் தண்ணீரில் கரையக்கூடியது. மழை படும் இடத்தில் நின்றால் மருந்து கரைந்து வெளியேறிவிடும், பிறகு அது பழைய பால் மரம்தான்: பூஞ்சை, வண்டு, கரையான் எல்லாம் வரிசையாக வரும். பால்கனிக்கு வேண்டாம், குளியலறைக்கு வேண்டாம், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழேயும் வேண்டாம். கூடத்தில், படுக்கையறையில், படிக்கும் அறையில் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

பிளைவுட்டுக்கு வருவோம். 4 அடிக்கு 8 அடி. அதாவது 1220-க்கு 2440 மில்லிமீட்டர். மெல்லிய மரத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது. குறுக்கே ஒட்டுவதில்தான் சூட்சுமம். மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குவது அகலவாக்கில்தான், நீளவாக்கில் அசைவு மிகக் கொஞ்சம். ஒரு தாள் விரியப் பார்க்கும் திசையில் அடுத்த தாளின் நீளம் நின்று இழுத்துப் பிடிக்கிறது. அதனால் இரண்டடி அகல மேசைப் பலகையோ அலமாரிக் கதவோ செய்ய வேண்டுமானால் பிளைவுட்தான், வேறு யோசனையே வேண்டாம்.

விலையைப் பார்த்ததும் ஒரு முழுப் பலகைக்கு இவ்வளவு வெள்ளியா என்று தோன்றும். 32 சதுர அடியால் வகுத்துப் பாருங்கள், பிறகு பால் மரப் பலகையையும் அப்படியே சதுர அடிக் கணக்கில் பாருங்கள். நான் கேட்ட கடைகளில் பிளைவுட்தான் மலிவாக வந்தது. ஆனால் 32 சதுர அடியும் நமக்குத் தேவைப்பட வேண்டுமே! எனக்கு இன்னும் கட்டிலுக்கு அடியில் பாதிப் பலகை கிடக்கிறது.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முதல் தடவை முழுப் பலகையாகவே வாங்கி, வாடகை லாரியில் ஏற்றி வீட்டடிக்குக் கொண்டுவந்துவிட்டேன். எட்டடிப் பலகை எங்கள் லிஃப்டில் நிற்கவில்லை. சாய்த்தும் பார்த்தேன், திருப்பியும் பார்த்தேன். லாரிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். பிறகு படி வழியாக, ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைச் சுரண்டிக்கொண்டு, ஒன்பதாவது மாடி. அடுத்த முறை புத்தி வந்தது. கடையிலேயே அறுத்து வாங்கினேன். ஜெலுத்தோங் பக்கம் ஒரு பழைய மரக்கடை; தௌக்கே, அதாவது கடை முதலாளி, பென்சிலைக் காதில் செருகியபடி, “பொத்தோங் பிராப்பா?” என்று கேட்டார். எத்தனை துண்டு வேண்டும் என்கிறார். 4 அடி அகலத்தை நான்காக வெட்டினால் ஓரடி ஓரடியாக நான்கு தட்டு என்று மனக்கணக்குப் போட்டுச் சொன்னேன்.

அவர் சிரித்தார். வாளுக்கும் தடிப்பு உண்டு என்பதை நான் மறந்துவிட்டேன். பிளேடு ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 3 மில்லிமீட்டரைத் தூளாக்கிவிடும். மூன்று வெட்டுக்கு 9 மில்லிமீட்டர் போக மீதி 1211. நான்கால் வகுத்தால் ஒரு துண்டு 303 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஓரடி என்பது 305. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று விடலாம், எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருக்கும்வரை. மூன்று துண்டைச் சரியாக 305 வெட்டச் சொல்லிவிட்டு நான்காவது மட்டும் இளைத்து வந்தால்தான் தலைவலி. எனவே வெட்டுத் தாளை வீட்டிலேயே வரைந்து, வாள் தின்னும் அளவையும் குறித்து எடுத்துப் போங்கள்.

பிளைவுட்டின் இன்னொரு தொல்லை அதன் விளிம்பு. அறுத்த பக்கம் அடுக்கடுக்காகத் தாள் தெரியும், சில இடத்தில் நடுத்தாளில் பொந்தும் இருக்கும். இஸ்திரிப்பெட்டியால் ஒட்டும் மரப்பட்டை நாடா விற்கிறார்கள். அல்லது மெல்லிய மரச்சட்டம் ஒன்றைப் பசை போட்டு ஒட்டலாம். நான் இரண்டாவதையே சொல்வேன், காரணம் பின்னால் வரும். கைவாளால் அறுக்கிறீர்கள் என்றால் நல்ல முகம் மேலே இருக்கட்டும். கையில் பிடித்து ஓட்டும் வட்டப் பிளேடு மின்வாளால் அறுக்கிறீர்கள் என்றால் நல்ல முகம் கீழே. வெட்டும் கோட்டின்மேல் கத்தியால் ஒருமுறை அழுத்திக் கீறிவிட்டால் மேல்தாள் சிலிர்க்காது. சாதாரணப் பிளைவுட் தண்ணீர் குடித்தால் தாள் தாளாகப் பிரியும். சமையலறைக்கு மரீன் பிளைவுட் என்று கேட்டு வாங்குங்கள், அதில் பசை தண்ணீர் தாங்கும். ஒட்டுப் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைட் வாயு கொஞ்ச நாள் வந்துகொண்டிருக்கும். புதுப் பலகையை மூடிய அறையில் வைத்துவிட்டு அங்கேயே படுக்காதீர்கள்.

மெரந்தி, நம் நாட்டில் வீடு கட்டுபவர்கள் கையில் எப்போதும் இருக்கும் மரம். ஷோரியா இனத்தில் பல வகை சேர்ந்த பொதுப் பெயர் அது. சிவப்பிலேயே வெளிர், அடர் என்று உண்டு, வெள்ளையும் உண்டு. வெள்ளை மெரந்தியில் மணற்சத்து இருப்பதால் வாளின் பல் சீக்கிரம் மழுங்கும். கடையில் ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு இரண்டு என்று அங்குலக் கணக்கில் நீளச் சட்டமாக விற்பார்கள். சீவிய சட்டத்தில் ஒரு அங்குலம் என்பது முக்கால் அங்குலத்துக்குப் பக்கத்தில்தான் வரும், ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், இழைப்பில் போனது அது. குண்டூசி முனை அளவில் கறுத்த வட்டத்தோடு சிறு துளைகள் இருந்தாலும் பயப்பட வேண்டாம். அது மரம் பச்சையாக இருந்தபோது வண்டு போட்டது. காய்ந்த மரத்தில் அந்த வண்டு வாழாது. துளையிலிருந்து வெள்ளை மாவு கொட்டினால் மட்டும் அந்தக் கட்டையைத் தொடாதீர்கள்.

மெரந்தியில் செருப்பு அடுக்கு செய்தேன். சட்டமாகவே வருவதால் இரண்டு ஏணி செய்து நடுவில் பட்டை அடிப்பதுபோல்தான் வேலை. ஈரச் செருப்பு, வாசலில் சாரல் என்று எல்லாவற்றையும் இதுவரை தாங்குகிறது, வருடம் ஒருமுறை எண்ணெய்ப் பூச்சு போட்டால். சட்டம் வாங்கும்போது ஒரு கண்ணை மூடி, முனையிலிருந்து நீளவாக்கில் பாருங்கள். வாழைப்பழம்போல் வளைந்தது, கயிறுபோல் முறுக்கிக்கொண்டது எல்லாம் அப்போதுதான் தெரியும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். வாங்கி வந்ததும் அறுக்காமல் இரண்டு வாரம் வீட்டுக்குள் படுக்க வைத்து, நடுவில் குச்சி கொடுத்துக் காற்றாட விடுங்கள். வளைய வேண்டியது அப்போதே வளைந்துவிடட்டும்.

செருப்பு அடுக்கை வாசலுக்கு வெளியே நடைபாதையில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுக்குமாடியில் அந்த நடைபாதை எல்லாருக்கும் பொது. நிர்வாகக் குழு எடுக்கச் சொன்னால் எடுத்தே ஆக வேண்டும். வீட்டுக்குள் கதவு ஓரத்தில் அடங்கும் அளவில் செய்வது புத்திசாலித்தனம்.

செங்கால், மெர்பாவ் பற்றியும் சிலர் கேட்பார்கள். மெர்பாவை 2019-இல் நாட்டின் தேசிய மரமாகவே அறிவித்தார்கள். இரண்டும் அருமையான மரம், ஆனால் முதல் வேலைக்கு இல்லை. கனம், விலை, கைவாளுக்கு மசியாத உறுதி. மெர்பாவ் நனைந்தால் சிவப்புச் சாயம் வேறு விடும், சுவரும் தரையும் கறையாகும். பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் கதவு, உத்தரத்தில் செங்கால் இருக்கலாம். அதில் பழைய பெயிண்ட் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தூளாகி மூச்சில் போகும்.

நான்கு மரத்தையும் பார்த்தாகிவிட்டது. எதை எடுத்தாலும் கணக்குத் தப்பினால் தட்டு தொங்கிவிடும், ஆகவே அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மீட்டர் நீளத்துக்குப் புத்தகம் நெருக்கி அடுக்கினால் எடை 30 கிலோவைத் தொடும். தட்டின் தொய்வு நீளத்தின் நான்காம் மடங்குக் கணக்கில் ஏறும். மூன்றடித் தட்டை நான்கடியாக்கினால், அதே பலகை, அதே நெருக்கத்தில் புத்தகம், தொய்வு மட்டும் மூன்று மடங்குக்கு மேல். தடிப்பு வேறு மாதிரி, மும்மடிக் கணக்கு: 12 மில்லிமீட்டரை 18 ஆக்கினால் தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். ஆக 18 மில்லிமீட்டர் பலகை, மூன்றடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் போகக் கூடாது. புத்தகம் என்றால் இரண்டரை அடி.

முன்பு சொன்ன மரச்சட்டம் இங்கேதான் உதவும். பத்து அங்குல அகலத் தட்டின் முன்விளிம்பில், ஒன்றரை அங்குல உயர மெரந்திச் சட்டத்தை நிற்க வைத்து ஒட்டினால் தொய்வு ஏறக்குறைய பாதியாகிவிடும். பிளைவுட்டின் அசிங்கமான விளிம்பும் மறையும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய். எங்கள் வீட்டுப் புத்தகத் தட்டு அப்படிப்பட்ட கலப்புதான்: உடம்பு பிளைவுட், உதடு மெரந்தி. தமிழ்ப்பள்ளிப் பாடநூல்கள், மகளின் அகராதி, பத்து வருட மாத இதழ்கள், எல்லாம் ஏறியும் இன்னும் நேராக நிற்கிறது.

கரையானைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பினாங்கில் தரைவீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். சுவர் ஓரம் மண்கோடு ஏறினால் வயிறு கலங்கும். இந்த நான்கில் எதுவும் கரையானுக்கு முழுசாகத் தப்பாது. தரைவீடு என்றால் மரக்காலை நேராகத் தரையில் வைக்காமல் ரப்பர் பாதம் போடுங்கள், சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். மண்கோடு ஏறினால் கண்ணில் படவாவது படும். கடல் பக்கத்து வீட்டில் சாதாரண ஸ்க்ரூ வருடத்துக்குள் துரு வடியும். துத்தநாகம் பூசியதோ எவர்சில்வரோ வாங்குங்கள், நாலு காசு அதிகம் போனால் போகட்டும்.

கருவியில் பேலட்தான் அதிகம் கேட்கும், பால் மரம் குறைவாகக் கேட்கும். ஒரு கைவாள், மூலைமட்டம், ட்ரில், இரண்டு கிளாம்ப், வெள்ளைப் பசை, 120, 240 உப்புத்தாள்: பால் மரத் தட்டு ஒன்று செய்ய இவ்வளவுதான். அடுக்குமாடிச் சுவர் பல இடங்களில் கான்கிரீட். சாதாரண ட்ரில் அதில் கத்தும், உள்ளே போகாது. சுத்தியல் அடிக்கும் ட்ரில்லைப் பக்கத்து வீட்டில் ஒருநாள் இரவல் வாங்கலாம், அதற்கென்று ஒன்று வாங்க வேண்டியதில்லை. சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள், ஒயர் ஓடும். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் போடுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் உலக அளவில் சேர்த்திருக்கிறார்கள். ஆளிவிதை எண்ணெய் கலந்த பூச்சு துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துப் பிறகு வீசுங்கள்.

இப்போது சாமி மாடம். அம்மாவின் ஆசை தேக்கு. எனக்கும் ஆசைதான், ஆனால் ஒன்றரை அடி மாடத்துக்கு நல்ல தேக்கு தேடுவதற்குள் அடுத்த தைப்பூசம் வந்துவிடும். பேலட் என்றால் எதைச் சுமந்தது என்று தெரியாத மரம். சாமிக்கு மனசு வரவில்லை. பிளைவுட்டில் செய்தால் நான்கு பக்கமும் விளிம்பை மறைக்க வேண்டும், சின்ன மாடத்தில் அது வேலைக்கு மேல் வேலை. மெரந்திச் சட்டத்தை ஒட்டி ஒட்டி அகலமாக்க என்னிடம் நீள கிளாம்ப் இல்லை. மிஞ்சியது பால் மரம்: உள் அறை, மழை படாது, எடை குறைவு, அளவுக்குள் அடங்கும் பலகை. எல்லாப் பொருத்தமும் சரி, எண்ணெயும் நெருப்பும் தவிர. வெளிறிய மரம் நல்லெண்ணெயைக் குடித்தால் கறை போகவே போகாது, குங்குமமும் அப்படியே. ஆகவே தண்ணீர் கலந்து பூசும் பாலியூரித்தேன் மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 240 உப்புத்தாள். விளக்குக்கு மேலே தட்டு எதுவும் வைக்கவில்லை. விளக்கு வைக்கும் இடத்தில் ஆறங்குல டைல் ஒன்றைப் பதித்தேன்.

அம்மா ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். பலகையை விரலால் தடவினார். பல் கோத்த கோட்டில் நகத்தை வைத்து ஓட்டிப் பார்த்தார்.

“இதா பால் மரம்?”

“ஆமாம்மா.”

“இவ்வளவு வெள்ளையாவா இருந்துச்சு உள்ள…”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு விளக்கேற்றினார், டைல் மேல் இல்லை, அதற்குக் கொஞ்சம் வலப்பக்கம், தன் கைக்கு எட்டுகிற இடத்தில். மறுநாள் காலை பார்த்தால் பலகையில் ஐந்து காசு அளவுக்கு எண்ணெய் வட்டம். மூன்று பூச்சு இருந்ததால் துடைத்ததும் போய்விட்டது. ஆனால் டைலை மாற்ற வேண்டும். ஆறங்குலம் போதாது, மாடத்தின் அகலம் முழுக்க ஒரே துண்டாக.